மெஷின் எவ்வளவு ஆழம் வெட்டும்? நாமே அளந்து பார்ப்போம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் தொழிற்கூடக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)

  

மரப்பலகையில் எழுத்து, பூ, கோலம் வெட்டுகிற சின்ன சி.என்.சி. ரூட்டர் மெஷின் வாங்க நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் கடன் கேட்டிருக்கின்றன. ரொம்ப சந்தோஷம். பெயர்ப்பலகை, சாவி மாட்டி, கோல அச்சு, பரிசுப் பொருள் என்று நல்ல தொழில்தான். "இது ஆம்பளைங்க பார்க்கிற வேலை"ன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. தையல் மெஷினில் ஊசி, நூல், துணி மூன்றையும் ஒத்துப்போக வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மெஷின் பெரிய விஷயமே இல்லை.

ஆனால் கடன் வாங்கும் முன், ஆர்டர் பிடிக்கும் முன், ஒரு காரியம் செய்யணும். மெஷின் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் வெட்டும், அதன் மோட்டாருக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை நாமே சோதித்துப் பார்க்கணும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறோம்.

மெஷினைத் தெரிந்துகொள்வோம்

சின்ன தொழிலுக்கு அதிகம் விற்பது 3018 என்ற மேசை மெஷின். வேலை செய்யும் இடம் சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம் என்பதால் அந்தப் பெயர். கம்ப்யூட்டரில் போட்ட படத்தின்படி இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக நகர்வதற்கு மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் உண்டு. நடுவில் தொங்கிக்கொண்டு சுற்றுகிற மோட்டார்தான் ஸ்பிண்டில். அதன் நுனியில் மாட்டுகிற வெட்டுக் கருவிக்கு பிட் என்று பெயர். பெரும்பாலும் 3.175 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிட்டுதான் மெஷினோடு வரும்.

உழவு தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஸ்பிண்டில்தான் மாடு. பிட்டுதான் கொழு. "அகல உழுவதை விட ஆழ உழு" என்பார்கள். ஆனால் மாட்டுக்கு இழுக்கிற பலம் இருந்தால்தானே ஆழ உழ முடியும்? டிராக்டர் கலப்பையை இரண்டு காளை மாட்டில் பூட்டினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும்.

ஏன் சோதிக்கணும்?

ஒரு கணக்குப் போடுவோம். நோட்டு இருந்தா எடுத்துக்குங்க.

ஒரு பெயர்ப்பலகையில் 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எழுத்து வெட்டணும். எல்லா எழுத்தையும் ஒரு சுற்று வெட்டி வர பிட் மொத்தம் 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 5 நிமிடம்.

விற்க வருகிறவர், "ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் வெட்டும்"னு சொல்கிறார். அப்படின்னா இரண்டே சுற்று, 10 நிமிடம். ஒரு நாளில் 400 நிமிடம் மெஷின் ஓடினால் 40 பலகை. 200 பலகை ஆர்டர் என்றால் 5 நாளில் முடிந்துவிடும்.

உண்மையில் மெஷின் ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர்தான் வெட்டும் என்றால்? ஆறு சுற்று, 30 நிமிடம். நாளுக்கு 13 பலகை. அதே 200 பலகைக்கு 15 நாளுக்கு மேல் ஆகும். பலகையை மாட்டுகிற நேரம், கழற்றுகிற நேரம், கரண்ட் போகிற நேரம் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஐந்து நாளில் தருகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பதினைந்து நாள் ஆனால், ஆர்டரும் போகும், நம் பேரும் போகும். ஆனால் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் நம் கூலியையே தின்றுவிடும். அதனால்தான் சோதிக்கணும் என்கிறோம்.

ஸ்டிக்கரில் இருப்பது எல்லாம் சக்தி இல்லை

எங்கள் குழுவுக்கு மெஷின் காட்ட வந்தவர், ஸ்பிண்டில் 500 வாட் என்றார். ஸ்டிக்கரிலும் 500 என்றே இருந்தது. நாங்கள் மெஷினைப் பார்க்கவில்லை. அதன் கரண்ட் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தோம். அதில் 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 24 பெருக்கல் 5, 120 வாட். அந்த 120 வாட்டில்தான் ஸ்பிண்டிலும் ஓடணும், நகர்த்துகிற மூன்று மோட்டாரும் ஓடணும், போர்டும் ஓடணும். "அண்ணே, 120 குடம் தண்ணி பிடிக்கிற தொட்டியிலிருந்து 500 குடம் எப்படி எடுப்பீங்க?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். பதில் வரவில்லை.

500 வாட் ஸ்பிண்டிலே கிடையாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இருக்கிறது. அதற்கு ஏற்ற பவர் சப்ளை தனியாக வரும். 1500 வாட், 2200 வாட் ஸ்பிண்டில்களும் உண்டு. அவை பெரிய மெஷினுக்கானவை. நாம் பார்க்க வேண்டியது ஸ்டிக்கரை அல்ல, சக்தி வருகிற வழியை.

சோதனைக்கு என்ன வேண்டும்?

1. வழக்கமாக வேலை செய்யப்போகிற மரத்திலேயே ஒரு கழிவுத் துண்டு. எம்.டி.எஃப். பலகையில் தொழில் என்றால் எம்.டி.எஃப்., வேம்பு என்றால் வேம்பு.
2. புதிய பிட் ஒன்று. மழுங்கிய பிட்டில் சோதித்தால் கணக்கு தப்பாகிவிடும்.
3. பிளக்கில் சொருகிப் பார்க்கிற வாட் மீட்டர். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். ஒன்று வாங்கினால் கூட்டமைப்பு முழுக்கப் பயன்படுத்தலாம்.
4. ஆழம் அளக்க ஒரு வெர்னியர்.
5. ஒரு நோட்டு, ஒரு பென்சில்.

முதலில் பலகையை நான்கு மூலையிலும் அசையாமல் கிளாம்ப் போட்டு இறுக்கணும். பிட்டை இறக்கி, பலகைக்கும் பிட்டுக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து, தாள் லேசாகப் பிடிக்கிற இடத்தைப் பூஜ்யமாக வைக்கணும். இதை ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நான்கு மூலையிலும் பாருங்க. மேசை ஒரு பக்கம் அரை மில்லி உயர்ந்திருந்தால், நாம் 1 மில்லி என்று நினைப்பது அங்கே ஒன்றரை மில்லியாக வெட்டும்.

முதல் சோதனை: சரிவுக் கோடு

200 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு நேர்கோடு. தொடக்கத்தில் ஆழம் பூஜ்யம். முடிவில் ஆழம் 4 மில்லிமீட்டர். அதாவது பிட் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், குளத்துப் படித்துறைச் சரிவு மாதிரி. ஒவ்வொரு 50 மில்லிமீட்டருக்கும் ஆழம் 1 மில்லிமீட்டர் கூடும். கோட்டுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்க. கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணிடம் சொன்னால் இந்தக் கோட்டை சீக்கிரமே போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஓடவிட்டு காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்க. மிக்ஸியில் தேங்காய் அதிகமாகப் போட்டால் சத்தம் எப்படி அடங்கி இழுக்கும்? அதே மாதிரி ஒரு இடத்தில் ஸ்பிண்டில் சத்தம் மாறும். அந்த இடத்தில் ஒருவர் பென்சிலால் குறிக்கணும். ஒருவர் ஸ்டாப் பட்டனிலேயே கை வைத்திருக்கணும். சத்தம் கரகரத்தாலோ, மெஷின் அதிர்ந்தாலோ உடனே நிறுத்திவிடணும். நான்கு மில்லி வரை போயே ஆகணும் என்று கட்டாயம் இல்லை.

குறி 100 மில்லிமீட்டரில் விழுந்தால் ஆழம் 2 மில்லிமீட்டர். அதுதான் எல்லை. வேலைக்கு வைக்க வேண்டியது அதைவிடக் குறைவாக.

இரண்டாவது சோதனை: படிக்கட்டுக் கோடுகள்

இப்போது வாட் மீட்டரைச் சொருகுங்க. 100 மில்லிமீட்டர் நீளத்தில் தனித்தனியாக ஐந்து கோடு. ஆழம் 0.5, 1, 1.5, 2, 2.5 மில்லிமீட்டர். நகரும் வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர். ஒரு கோட்டுக்குப் பத்து விநாடி ஆகும். மீட்டரில் எண் நிலைத்து நிற்க அந்த நேரம் போதும்.

முதலில் மரத்தைத் தொடாமல் ஸ்பிண்டிலைச் சும்மா சுற்றவிட்டு மீட்டரைப் பாருங்க. அந்த எண்ணை எழுதிக்குங்க. வெட்டும்போது வருகிற எண்ணில் இதைக் கழித்தால், வெட்டுவதற்காகக் கூடுதலாகச் செலவான மின்சாரம் தெரியும்.

எங்கள் நோட்டில் இருப்பதை வாசிக்கிறோம். எம்.டி.எஃப். பலகை, 3.175 மில்லிமீட்டர் பிட்.

சும்மா சுற்றும்போது: 35 வாட்.
0.5 மி.மீ. ஆழம்: 42. கூடுதல் 7. வெட்டு சுத்தம்.
1 மி.மீ. ஆழம்: 49. கூடுதல் 14. வெட்டு சுத்தம்.
1.5 மி.மீ. ஆழம்: 57. கூடுதல் 22. லேசான பிசிறு.
2 மி.மீ. ஆழம்: 68. கூடுதல் 33. சத்தம் மாறியது.
2.5 மி.மீ. ஆழம்: 85. கூடுதல் 50. மெஷின் அதிர்ந்தது, நிறுத்திவிட்டோம்.

இதில் இரண்டு விஷயம் கவனிங்க.

ஒன்று, முதலில் ஒவ்வொரு அரை மில்லிக்கும் 7 வாட் கூடியது. அது நியாயம். வெட்டுகிற அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால்தான் எவ்வளவு மரம் வெளியே வருகிறது என்று கிடைக்கும். ஆழம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும். ஆனால் கடைசியில் அதே அரை மில்லிக்கு 11 வாட், 17 வாட் என்று தாவியது. அங்கே பிட் வெட்டுவதை விட உரசுவது அதிகமாகிவிட்டது. தூள் வெளியேற வழியில்லாமல் பள்ளத்துக்குள்ளேயே அரைபடுகிறது. எண் தாவுகிற இடம்தான் மெஷின் நமக்குச் சொல்கிற "போதும்மா".

இரண்டாவது இன்னும் முக்கியம். 85 வாட்டில் மெஷின் அதிர்ந்தது. அடாப்டர் 120 வாட் கொடுக்கும். அதாவது சக்தி இன்னும் மிச்சம் இருந்தது. தாங்க முடியாமல் போனது மெஷினின் சட்டமும் பிட்டும்தான். இந்தச் சின்ன மெஷின்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதனால் "பெரிய ஸ்பிண்டில் மாட்டித் தர்றேன், ஆழமா வெட்டும்"னு யாராவது சொன்னால் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீங்க. வண்டிச் சக்கரம் ஆடும்போது இன்னொரு மாடு பூட்டி என்ன பயன்?

எங்கள் எண்களை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீங்க. உங்கள் மெஷின் வேறு, மரம் வேறு, பிட் வேறு. உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்கணும்.

ஆழம் சரியாக இருந்தும் வெட்டு கெட்டால்?

பிட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்க. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி நீளமாக இருந்தால் நுனி எப்படி ஆடும்? அதேதான். பிட் இரண்டு மடங்கு வெளியே நீண்டால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். தேவையான அளவு மட்டும் வெளியே விட்டு மாட்டணும்.

பிட்டின் தடிமனையும் பாருங்க. அதே நீளத்தில் தடிமன் இரண்டு மடங்கானால் பிட் பதினாறு மடங்கு உறுதியாகும். மெல்லிய எழுத்துக்கு மட்டும் மெல்லிய பிட் போடுங்க.

பயந்துகொண்டு வேகத்தை ரொம்பக் குறைப்பதும் தப்பு. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 10000 சுற்று, பிட்டில் இரண்டு பல் என்றால், 600 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு பல் ஒரு தடவைக்கு 0.03 மில்லிமீட்டர் சீவுகிறது. வேகத்தை 100 ஆகக் குறைத்தால் அது 0.005 ஆகிவிடும். அப்போது பல் சீவாது, தேய்க்கும். மரம் கருகும், பிட் சூடாகி மழுங்கும். அதனால் கஷ்டப்பட்டால் முதலில் ஆழத்தைக் குறைங்க, பிறகுதான் வேகம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றணும். குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே நேரத்தில் கூட்டினால் எது கூடிப்போச்சுன்னு எப்படித் தெரியும்?

வேம்பு, தேக்கு போன்ற மரத்தில் நரம்பு ஓடுகிற திசையில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று இரண்டும் போட்டுப் பாருங்க. இரண்டில் எது மோசமோ அதை வைத்துத்தான் ஆழம் முடிவு செய்யணும்.

கடைசியாக ஒரு பரிசோதனை. சோதனை முடிந்ததும் பிட்டைப் பூஜ்ய இடத்துக்கே திரும்பி வரச் சொல்லுங்க. குறித்த இடத்தில் சரியாக வந்து நிற்கிறதா, தாள் அதே மாதிரி பிடிக்கிறதா? இந்த மெஷின்களில் உள்ள சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் நகர்ந்தோமா இல்லையா என்று தெரியாது. பாரம் தாங்காமல் ஒரு அடி தவறினாலும், தவறாத மாதிரியே மேலே போய்க்கொண்டிருக்கும். முதல் எழுத்து சரியாக இருக்கும், கடைசி எழுத்து தள்ளிப் போயிருக்கும். பலகை வீண். கரண்ட் போய் வந்தாலும் இடம் மறந்துவிடும். அதனால் பூஜ்ய மூலையைப் பலகையில் குறித்து வைப்பது நல்லது. தாள் முன்பை விட இறுக்கமாகப் பிடித்தால் பிட் நழுவி இறங்கியிருக்கலாம். பிட்டைப் பிடிக்கிற நட்டை இறுக்கிவிட்டு, வெட்டின ஆழத்தை வெர்னியரால் அளந்து பாருங்க.

நம் உடம்பு முக்கியம்

சோதனையின்போதுதான் பிட் உடைய வாய்ப்பு அதிகம். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். முந்தானையை இழுத்துச் சொருகணும், பின்னலைக் கொண்டை போடணும், வளையலைக் கழற்றி வைக்கணும். துப்பட்டா போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்கவே கூடாது. சுற்றுகிற ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் தூளைக் கையால் தட்டாதீங்க.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியது. எம்.டி.எஃப். பலகையை ஒட்டப் பயன்படும் பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடை 2004-இல் அதே வகையில் சேர்த்தது. எனவே என்-95 முகக்கவசம் போடுங்க. தூளைத் துடைப்பத்தால் பெருக்கிக் கிளப்பாமல் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்க, அல்லது ஈரத்துணியால் துடையுங்க. சமைக்கிற இடத்திலோ குழந்தைகள் படுக்கிற இடத்திலோ மெஷினை வைக்க வேண்டாம். ஓடுகிற மெஷினைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது. உரசிச் சூடேறினால் தூளில் தீப்பிடிக்கும்.

மெஷினுக்கும் ஒரு நோட்டு

சேமிப்புக்கு நோட்டு, உள்கடனுக்கு நோட்டு, தீர்மானத்துக்கு நோட்டு என்று நாம் எழுதாத நோட்டு இல்லை. மெஷினுக்கும் ஒன்று போடுங்க. தேதி, மரம், பிட், ஆழம், வேகம், வாட், வெட்டு எப்படி இருந்தது, எழுதியவர் பெயர். அவ்வளவுதான். மாதம் ஒரு தடவை அதே 1 மில்லிமீட்டர் கோட்டைப் புதுப் பிட்டால் வெட்டி மீட்டரைப் பாருங்க. வாட் கூடிக்கொண்டே போனால் மோட்டாரின் கார்பன் பிரஷ், பேரிங் தேய்கிறது என்று சந்தேகப்படலாம். அன்றாட வேலையில் வாட் கூடினால் முதலில் பிட்டை மாற்றிப் பாருங்க.

இந்த நோட்டை வைத்துத்தான் எங்கள் குழு ஆர்டர் பேசியது. சோதனை முடிகிற வரை மீதிப் பணம் தர மாட்டோம் என்று தீர்மானம் போட்டிருந்ததால், மெஷின் விற்றவர் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். 500 வாட் இல்லை என்பது எண்ணில் தெரிந்ததும் விலையைக் குறைத்துக் கொடுத்தார். சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, 200 பலகை கேட்டவரிடம், "முதலில் 60 பலகை, ஒரு வாரத்தில்" என்று சொன்னோம். ஆறாவது நாளே கொடுத்தோம். மீதி 140-ம் எங்களிடமே வந்தது.

சகோதரிகளே, நிறைவாக மூன்று வேண்டுகோள். இதைத் தீர்மானமாகவே எழுதும்படி கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறோம்.

1. மெஷின் வாங்குகிற எந்தக் குழுவும் இந்த இரண்டு சோதனையும் முடித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே மீதித் தொகை கொடுக்க வேண்டும்.
2. கூட்டமைப்பு ஒரு வாட் மீட்டரும் ஒரு வெர்னியரும் வாங்கி எல்லாக் குழுவுக்கும் சுழற்சியில் தர வேண்டும்.
3. ஆர்டருக்குத் தேதி சொல்லும்போது விற்றவர் சொன்ன ஆழத்தை அல்ல, நம் நோட்டில் உள்ள ஆழத்தை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

சோதனை செய்து பார்க்க ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்க. எங்களில் இரண்டு பேர் நோட்டோடு வருகிறோம்.